பழைய ஷாஃப்டை எடைக்குப் போடாதீர்கள்

கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துப் பட்டறைகளில் காரின் முன்சக்கர வேலை பார்க்கும் தம்பிகளுக்கும், ஐ.டி.ஐ. முடித்துப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கைகளுக்கும்,

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் என் பட்டறை வாசலில் வந்து நின்றார். வண்டியை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "அண்ணா, மூணு எடத்துல பாத்துட்டனுங்க. இனிப் போட எங்கிட்டப் பணமில்லீங்க. என்ன கோளாறுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார்.

டேஷ்போர்டைத் திறந்து பில்களை எடுத்துக் கொடுத்தார். தேதி வாரியாக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தார். முதல் பில்லில் முன்பக்க டிரைவ் ஷாஃப்ட் இரண்டும் புதுசு. வளைவில் திருப்பும்போது 'டக் டக்' என்று சத்தம் வந்ததால் மாற்றியது. சத்தம் போய்விட்டது, ஆனால் அன்றைக்கே உதறல் வந்துவிட்டது. அடுத்த பில் நான்கு சக்கரத்துக்கும் பேலன்சிங், அலைன்மென்ட். அதற்கடுத்து முன் டிஸ்க் இரண்டும் பிரேக் பேடும். கடைசியாக இன்ஜின் மவுண்டிங். கூட்டிப் பார்த்தால் இருபத்தெட்டாயிரத்தைத் தொட்டது. உதறல் அப்படியே இருந்தது. தவணை கட்டி ஓட்டுகிற வண்டி. சவாரியில் உட்கார்ந்தவர்கள் "என்னப்பா, வண்டி இப்படி ஆடுது" என்று கேட்டுக் கேட்டு, ஏர்போர்ட் சவாரி எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

அந்தப் பில்களைப் போட்டவர்கள் யாரையும் நான் குறை சொல்லவில்லை. உங்களையும் என்னையும் போல உழைக்கிறவர்கள். ஆனால் ஒருவர்கூட அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து வண்டியை நாலு கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கவில்லை. அதைக் கேட்டபோது எனக்கு மனசு கனத்துவிட்டது. அதனால்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

ஆழியாறு போகிற சாலையில் அவரையே ஓட்டச் சொல்லி நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். 45 வரைக்கும் ஒன்றுமில்லை. 55-ஐத் தாண்டி ஆக்சிலேட்டரை மிதித்ததும் காலடித் தகடு நடுங்கியது, கியர் ராடு ஆடியது. ஸ்டியரிங்கில் லேசாகத்தான் தெரிந்தது. "காலை எடுங்க" என்றேன். எடுத்தார். வெட்டியது போல நின்றது. மறுபடி மிதித்தார், வந்தது. எடுத்தார், போனது. ஐந்து முறை செய்து பார்த்தோம். ஐந்து முறையும் அதே கதை.

பாதி வேலை அங்கேயே முடிந்தது. டயரோ ரிம்மோ பேலன்ஸோ காரணமாக இருந்தால், 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் சுற்றுகிறவரை உதறத்தான் செய்யும். காலை மிதித்தாலும் எடுத்தாலும் அதற்கு ஒன்றுதான். டிஸ்க் என்றால் பிரேக் மிதிக்கும்போது காட்டிக் கொடுக்கும். இன்ஜின் மவுண்டிங் என்றால் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே, ஐடிலிங்கிலோ கிளட்ச் விடும்போதோ தெரிந்துவிடும். இழுவை இருக்கும்போது வந்து இழுவை போனதும் போகிற உதறலுக்கு, இழுவையைச் சுமக்கிற பாகத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட் அது. அந்த வண்டியில் உதறல் வருவதற்கு முன்னால் கடைசியாகக் கைவைத்ததும் அதே ஷாஃப்ட்தான். நான்கு பில்லில் முதல் பில்லைத் தவிர மற்ற மூன்றும் அந்த இடத்தை விட்டு விலகி விலகிப் போயிருந்தன.

உள் ஜாயின்ட்டை நீங்கள் எல்லோரும் பிரித்திருப்பீர்கள். ஆனால் பூட் மாற்றுகிற அவசரத்தில் அது என்ன செய்கிறது என்று நின்று பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு கிண்ணம், அதன் உட்சுவரில் மூன்று நீளப் பள்ளங்கள். உள்ளே மூன்று கை உள்ள ஒரு நட்சத்திரம், ஒவ்வொரு கையிலும் ஊசி பேரிங்கின் மேல் சுற்றுகிற ஓர் உருளை. ரோட்டுக் குழியில் வண்டி ஏறி இறங்கும்போது கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவே தூரம் கூடும், குறையும். அந்த வித்தியாசத்தை இந்த மூன்று உருளைகள்தான் பள்ளத்துக்குள் முன்னும் பின்னும் ஓடி ஈடுகட்டுகின்றன. ஷாஃப்ட் நேராக இல்லாமல் சாய்ந்து சுற்றுவதால், தட்டையான ரோட்டில்கூட ஒவ்வொரு உருளையும் சுற்றுக்கு ஒருமுறை உள்ளே போய் வெளியே வரும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் உருளை பள்ளத்தின் ஒரு பக்கச் சுவரில் அழுந்துகிறது. அழுந்தியபடியே வழுக்கி உருண்டால் நமக்கு எதுவும் தெரியாது. உருளாமல் தேய்த்துக்கொண்டு போனால், அந்த உராய்வு ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் தள்ளும். மூன்று உருளை, சுற்றுக்கு மூன்று தள்ளு. இன்ஜினும் கியர்பாக்ஸும் இடம் வலமாக நடுங்க, அது தரைத்தகட்டுக்கு வந்து நம் காலில் ஏறுகிறது.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. 165/80 ஆர்14 டயரை எடுத்துக்கொள்ளுங்கள். விட்டம் சுமார் 620 மில்லிமீட்டர், சுற்றளவு 1.95 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 22.2 மீட்டர். வகுத்தால் சக்கரம் விநாடிக்குச் சுமார் 11 சுற்று. டயர், ரிம், பேலன்ஸ் கோளாறு எல்லாம் சுற்றுக்கு ஒரு தட்டு தட்டும். ஆக, விநாடிக்கு 11. ஸ்டியரிங் இடவலமாக ஆடுவதைக் கண்ணால் பார்க்கலாம், கிட்டத்தட்ட எண்ணக்கூடச் செய்யலாம். உள் ஜாயின்ட் கோளாறு சுற்றுக்கு மூன்று, அதாவது விநாடிக்கு 34. அதை எண்ண முடியாது, உள்ளங்காலில் கூச்சம் மாதிரி ஏறும். நான்கு சிலிண்டர் இன்ஜின் 2,400 சுற்றில் ஓடும்போது விநாடிக்கு 80 முறை வெடிக்கிறது. அது பொடிப்பொடியான நடுக்கம், கண்ணாடியையும் கதவுத் தகட்டையும் பாட வைக்கும். உங்கள் பையில் இருக்கிற போனிலேயே அதிர்வின் எண்ணிக்கையைக் காட்டும் செயலிகள் உண்டு. கியர் ராடுக்குப் பக்கத்தில் போனை அசையாமல் வைத்து ஒரு நிமிஷம் ஓட்டினால் 11-ஆ, 34-ஆ, 80-ஆ என்று வந்துவிடும். என் காலத்தில் அது இல்லை, காலும் கையும்தான் இருந்தன. உங்களுக்கு இரண்டும் இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

அந்த ஓட்டுநரின் விஷயத்துக்கு வருகிறேன். பட்டறைக்குத் திரும்பியதும் "பழைய ஷாஃப்ட் எங்கே?" என்று கேட்டேன். "டிக்கியிலதானுங்க கெடக்குது" என்றார். முதலில் வேலை பார்த்த பையன் இரண்டு ஷாஃப்டையும் சாக்கில் சுற்றி, "அண்ணா, உங்க பொருள், எடைக்குப் போட்டா நூறு ரூபா கெடைக்கும்" என்று டிக்கியில் வைத்துவிட்டானாம். அவன் யாரென்று தெரியாது. இந்த மடலைப் படித்தால் அவனுக்கு என் நன்றி.

சாக்கைப் பிரித்து இரண்டையும் பெஞ்சில் போட்டோம். வெளி ஜாயின்ட்டின் பூட் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் ஏறியிருந்தது. 'டக் டக்' சத்தத்துக்கு அதுதான் காரணம். உள் ஜாயின்ட் இரண்டும் சுத்தம், விரலால் தள்ளினால் உருளைகள் எண்ணெய் போட்ட கதவு போலப் போய் வந்தன. வலப்பக்க நீள ஷாஃப்டில் புதியதைக் கழற்றிப் பழையதை மாட்டி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டினோம். திருப்பும்போது 'டக் டக்' வந்தது. உதறல் இல்லை. ஓட்டுநர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

புதிய ஷாஃப்டைப் பெஞ்சில் பிரித்தபோது மூன்று உருளையில் ஒன்று விரலுக்குச் சுற்றவில்லை. கிரீஸும் வெளி ஜாயின்ட்டுக்குப் போடுகிற கறுப்பு கிரீஸாக இருந்தது. குண்டுகள் ஓடுகிற வெளி ஜாயின்ட்டுக்கும் உருளை ஓடுகிற உள் ஜாயின்ட்டுக்கும் கம்பெனிகள் தனித்தனி கிரீஸ் கொடுப்பது சும்மா இல்லை. நான் செய்தது இவ்வளவுதான்: பழைய ஷாஃப்டிலேயே வெளி ஜாயின்ட்டும் பூட்டும் மட்டும் புதிதாகப் போட்டேன். முதல் நாளே அதைச் செய்திருந்தால் அவருக்கு அந்த நாலு பில்லில் கால்வாசிகூட ஆகியிருக்காது.

ஆகவே தம்பிகளே, கழற்றிய பாகத்தை அன்றைக்கே பழைய இரும்புக்காரரிடம் கொடுக்காதீர்கள். வண்டி போய் ஒரு வாரமாவது ஆகட்டும். நம்பர் எழுதி, இடமா வலமா என்று எழுதி, ஒரு மூலையில் வைத்திருங்கள். புதுசு சந்தேகமாக இருந்தால் பழையதை மாட்டி ஓட்டிப் பார்ப்பதைவிட உறுதியான சோதனை வேறு கிடையாது. இடப்பக்க ஷாஃப்டை வலப்பக்கம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம் என்றால், பெரும்பாலான கார்களில் இரண்டும் வேறு வேறு நீளம், முடியாது. இன்னொன்றும் பாருங்கள். சில வண்டிகளில் நீள ஷாஃப்ட்டின் நடுவே ரப்பரில் பதித்த ஓர் இரும்பு வளையம் இருக்கும். அழகுக்கு வைத்ததல்ல. நீளமான தண்டு தன் இயல்புக்கு அதிரப் போகும்போது அந்த அதிர்வை வாங்கிக்கொள்ள வைத்த எடை. கடையில் மலிவாகக் கிடைக்கும் ஷாஃப்ட் சிலவற்றில் அது இருக்காது. ஒரு வண்டியில் 90-க்கு மேல் வந்த ரீங்காரம், பழைய ஷாஃப்டிலிருந்து அந்த வளையத்தைக் கழற்றிப் புதியதில் அதே தூரத்தில் கட்டியதும் நின்றுவிட்டது. பழையது கையில் இருந்ததால்தான் அதுவும் கண்ணில் பட்டது.

முன்சக்கர இழுவை நம் ஊருக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோதுதான் நம்மில் பலர் இந்த ஜாயின்ட்டை முதன்முதலில் பார்த்தோம். அதற்கு முன் அம்பாசிடர், பத்மினி. பின்சக்கர இழுவை, நீளமான புரொப்பெல்லர் ஷாஃப்ட், கிராஸ் ஜாயின்ட். கிராஸ் ஜாயின்ட் சாய்ந்து சுற்றினால், ஒரு முனை சீராகச் சுற்றினாலும் மறுமுனை சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். இரண்டு முனையிலும் ஜாயின்ட்டைச் சரியான திசையில் வைத்தால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது சமன் செய்யும். அதனால் என் குருநாதர், ஷாஃப்டைக் கழற்றும் முன் சாக்பீஸால் கோடு போடாதவன் கையில் ஸ்பானர் கொடுக்க மாட்டார். சக்கரம் திரும்பவும் வேண்டும், சீராகச் சுற்றவும் வேண்டும் என்ற சிக்கலுக்கு, 1920-களில் அமெரிக்காவின் ஃபோர்டு கம்பெனிப் பொறியாளர் ஆல்ஃபிரட் செப்பா ஆறு குண்டுகளை வைத்து வழி கண்டார். இன்று நம் கார்களின் வெளி ஜாயின்ட் அந்த வகைதான். வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவிலும் கொல்லிமலையின் 70 வளைவிலும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து முதல் கியரில் மிதிக்கிறபோது அத்தனை இழுவையையும் அந்த ஆறு குண்டுகள் தாங்குகின்றன. மலை வண்டிகளின் வெளி ஜாயின்ட் சீக்கிரம் பேசத் தொடங்குவது ஏன் என்று இப்போது புரியும்.

அந்தச் சாக்பீஸ் பழக்கத்தை நாம் விட்டுவிட்டோம். அதனால் வருகிற ஒரு கோளாறு என்னை ரொம்ப வருத்துகிறது, ஏனென்றால் அதற்குச் செலவே கிடையாது. ஷாஃப்ட் வேலைக்கு முன்சக்கரங்களைக் கழற்றுகிறோம். பையன் அப்படியே பின்சக்கரங்களையும் கழற்றிப் பிரேக்கைப் பார்க்கிறான். திரும்ப மாட்டும்போது கைக்கு வந்த சக்கரத்தை மாட்டிவிடுகிறான். பின்னால் இருந்த, பள்ளத்தில் விழுந்து லேசாக வளைந்த ரிம் முன்னால் வந்துவிடுகிறது. பின்னால் இருந்தவரை சீட்டில் லேசாகத் தெரிந்த ஆட்டம், முன்னால் வந்ததும் ஸ்டியரிங்கை உலுக்குகிறது. "ஷாஃப்ட் மாத்துனதுல இருந்துதான் ஆடுது" என்று வாடிக்கையாளர் சத்தியம் செய்வார். அவர் சொல்வதும் உண்மைதான். கழற்றும் முன் ஒவ்வொரு டயரிலும் எந்த மூலை என்று எழுதுங்கள். ரிம்மிலும் ஸ்டட்டிலும் ஒரு கோடு இழுங்கள். அரை நிமிஷ வேலை.

ரிம்மில் ஒட்டிய ஈயம் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 30 கிராம் ஈயம் என்ன செய்துவிடும் என்று நினைக்காதீர்கள். 14 அங்குல ரிம்மில் அது இல்லாமல் போனால், 80 கிலோமீட்டர் வேகத்தில் கிட்டத்தட்ட மூன்று கிலோ எடையால் விநாடிக்குப் பதினொரு தடவை இழுப்பதற்குச் சமம். 110-இல் அது ஐந்து கிலோவைத் தாண்டும். வேகம் இரட்டித்தால் இழுப்பு நான்கு மடங்காகும் என்பதால்தான் பேலன்ஸ் கோளாறு ஊருக்குள் தெரிவதில்லை, பைபாஸில் தெரிகிறது.

இனி நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். பல வருஷத்துக்கு முன் ஒரு பள்ளி ஆசிரியரின் காருக்கு ஹப் பேரிங்கும் ஷாஃப்டும் மாற்றினேன். வண்டி நன்றாகத்தான் போனது. மூன்று மாதம் கழித்து, பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று வந்தார். டிஸ்க் மாற்றினேன். ஐந்து மாதத்தில் மறுபடி அதே நடுக்கம். மறுபடியும் டிஸ்க். மூன்றாவது தடவை வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "நீங்க பாத்துச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனார்.

அன்றைக்குத்தான் கோவையில் ஒரு லேத் பட்டறைக்காரரிடம் டயல் கேஜ் இரவல் வாங்கி வந்தேன். காந்த அடியை ஸ்ட்ரட்டில் பொருத்தி, ஊசி முனையை டிஸ்க்கின் ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே வைத்து, வீல் நட்டுகளை வாஷர் போட்டு இறுக்கி, கையால் மெதுவாகச் சுற்றினேன். முள் 0.17 மில்லிமீட்டர் ஆடியது. பெரும்பாலான சிறு கார்களுக்கு 0.10-க்குள் இருக்க வேண்டும், அதிலும் குறைவாகக் கேட்கிற கம்பெனிகள் உண்டு. டிஸ்க்கைக் கழற்றி ஹப் முகத்தைப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் பழைய துரு, அடை அடையாக. விரலில் தட்டுப்பட்டது, கண்ணுக்கு அழுக்கு போலத்தான் இருந்தது. பேரிங் மாற்றியபோது ஹப்பை வெளியே எடுத்தவன் நான். அந்தத் துருவைத் தேய்க்காமல் மேலேயே டிஸ்க்கை உட்காரவைத்தவனும் நான்.

கணக்கைப் பாருங்கள். 140 மில்லிமீட்டர் அகல ஹப் முகத்தின் ஓரத்தில் 0.1 மில்லிமீட்டர் துரு, அதாவது ஒரு தலைமுடியைவிடக் கொஞ்சம் அதிகக் கனம். அந்தச் சாய்வு 235 மில்லிமீட்டர் டிஸ்க்கின் ஓரத்துக்கு வரும்போது 0.17 ஆகிறது. டிஸ்க் வாங்கும்போது கோணலாக இருக்கவில்லை, நான் உட்காரவைத்த இடம்தான் கோணல். பிரேக் மிதிக்காமல் ஓடும்போதெல்லாம் டிஸ்க்கின் மேட்டுப் பக்கம் சுற்றுக்கு ஒருமுறை பேடில் உரசிக்கொண்டே போகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குப் பிறகு அந்த இடம் மெலிந்து, டிஸ்க் ஓரிடத்தில் கனமாகவும் ஓரிடத்தில் மெல்லியதாகவும் ஆகிவிடுகிறது. அதன் பிறகுதான் பிரேக்கில் நடுக்கம் வருகிறது. வேலை பார்த்த நாளுக்கும் கோளாறு வந்த நாளுக்கும் நடுவே மாதக் கணக்கு ஓடிவிடுவதால், இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷும் எமரி தாளும் வைத்துத் தேய்த்தேன், ஸ்டட்டுகளின் அடியைத் தனித்தனியாகச் சுத்தம் செய்தேன். புது டிஸ்க் போட்டதும் முள் 0.04-இல் நின்றது. இரண்டு பழைய டிஸ்க்குக்கும் வாங்கிய பணத்தை எடுத்துக்கொண்டு சாயங்காலம் ஆசிரியர் வீட்டுக்குப் போய்த் திருப்பிக் கொடுத்தேன். வேண்டாம் என்றார். வற்புறுத்திக் கொடுத்தேன். அடுத்த வாரமே சொந்தமாக ஒரு டயல் கேஜ் வாங்கினேன். இன்றைக்கும் என் பட்டறையில் அதிகம் கைபட்ட கருவி அதுதான்.

ஹப் நட் பற்றி. ஏர் கன்னால் 'டர்ர்' என்று இறுக்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறோம். அந்த நட் ஷாஃப்டைப் பிடிப்பதோடு நிற்பதில்லை. பெரும்பாலான கார்களில் பேரிங்கின் இரண்டு உள் வளையங்களையும் சேர்த்து அழுத்திப் பிடிப்பதும் அதுதான். குறைவாக இறுக்கினால் பேரிங் ஆடும், அளவுக்கு மீறினால் சூடேறிச் சீக்கிரம் முனக ஆரம்பிக்கும். பல சிறு கார்களில் அளவு 200 நியூட்டன் மீட்டரை ஒட்டி வரும். ஆனால் வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் கையில் இருக்கிற மாடலின் கையேட்டைப் பார்த்து டார்க் ரெஞ்சில் இறுக்குங்கள். உளியால் தட்டி மடக்குகிற வகை நட் என்றால் ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள். நட்டை இறுக்காமல் வண்டியைத் தரையில் இறக்கி உருட்டவே கூடாது, அந்த நாலடி தூரத்திலேயே பேரிங் காயப்பட்டுவிடும்.

லோயர் ஆர்ம் மாற்றுகிறவர்களுக்கு ஒன்று. புஷ் போல்டைச் சக்கரம் தொங்கும்போது இறுக்காதீர்கள். வண்டி தரையில் நிற்கும் உயரத்துக்கு ஆர்மை ஜாக்கியால் தூக்கிப் பிடித்து இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் எந்நேரமும் முறுக்கிக்கொண்டே இருக்கும், ஆறு மாதத்தில் கிழியும், பிரேக்கில் வண்டி இழுக்கும். சப்ஃபிரேமை இறக்கியிருந்தால் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறதா என்றும், அலைன்மென்ட்டும் பாருங்கள்.

ஷாஃப்டைக் கியர்பாக்ஸுக்குள் தள்ளும்போது உள்முனையின் வளையம் 'டக்' என்று உட்கார வேண்டும். உட்கார்ந்ததா என்று கையால் இழுத்துப் பாருங்கள். ஆனால் தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள், உருளை கிண்ணத்தை விட்டு வெளியே வந்துவிடும். கிண்ணத்தைப் பிடித்து இழுங்கள்.

இதையெல்லாம் சோதிக்கிறேன் என்று வண்டியை ஜாக்கியில் தூக்கிவைத்துக் கியர் போட்டு ஓட்டாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். சக்கரங்கள் தொங்கும்போது ஜாயின்ட்டுகள் ரோட்டில் ஒருபோதும் வராத கோணத்துக்குப் போய்விடும், நல்ல ஷாஃப்ட்கூட அங்கே உதறும். ஒரு சக்கரம் தரையிலும் மற்றது காற்றிலும் இருந்தால், டிஃபரன்ஷியல் காரணமாகக் காற்றில் இருக்கும் சக்கரம் மீட்டர் காட்டுவதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். மீட்டரில் 50 என்றால் சக்கரத்தில் 100. வண்டி ஜாக்கியிலிருந்து நழுவினால் அது எந்தப் பக்கம் பாயும் என்று யாருக்கும் தெரியாது.

ரோட்டில்தான் சோதிக்க வேண்டும். அதிகாலையில், காலியான, நேரான, தட்டையான சாலையில், வாடிக்கையாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. கிளம்பும் முன் டயர் காற்றைச் சரிபாருங்கள், டயரின் உட்பக்கத்தை விரலால் தடவி எங்காவது புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். எந்த வேகத்தில் ஆரம்பிக்கிறது, எந்த வேகத்தில் அடங்குகிறது என்று எழுதுங்கள். ஸ்டியரிங்கிலா, சீட்டிலா, காலடியிலா என்று எழுதுங்கள். ஸ்டியரிங் என்றால் பெரும்பாலும் முன்சக்கரம், சீட் என்றால் பின்சக்கரம். அதே வேகத்தில் காலை எடுத்துப் பாருங்கள். அதே வேகத்தில் கியரை மட்டும் மாற்றிப் பாருங்கள்: சக்கரத்தின் சுற்று மாறாது, இன்ஜினின் சுற்று மாறும், அதோடு உதறலும் மாறினால் இன்ஜின் பக்கம் போங்கள். மெதுவாக இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள். வலப்பக்கம் திருப்பும்போது முனகல் கூடினால் பாரம் இடப்பக்கச் சக்கரத்தில் ஏறுகிறது, இடப்பக்க பேரிங்கைச் சந்தேகியுங்கள். கடைசியாக, மெதுவாகப் பிரேக் மிதியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இன்ஜினை ஒருபோதும் அணைக்கக் கூடாது, பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

இதற்கு அரை மணி நேரமும் கொஞ்சம் பெட்ரோலும் ஆகும். அதற்குக் காசு கேட்க நாம் தயங்குகிறோம். பாகம் மாற்றினால்தான் கூலி, ஓட்டிப் பார்த்ததற்குக் கூலியா என்று வாடிக்கையாளர் கேட்பார் என்ற பயம். என் பட்டறையில் பத்து வருஷமாக ஓட்டிப் பார்க்கத் தனியாக 300 ரூபாய் வாங்குகிறேன், பில்லில் முதல் வரியாக எழுதுகிறேன். கோளாறு என்னவென்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுக்கிறேன். அதை எடுத்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போவதானாலும் போகலாம். இதுவரை ஒருவரும் முகம் சுளித்ததில்லை. எனக்கே பிடிபடாதபோது "இன்னும் தெரியலைங்க, நாளைக்கு ஒருக்கா ஓட்டிப் பாக்கோணும்" என்று சொல்லிவிடுவேன். அப்படிச் சொன்ன பிறகும் அவர்கள் மறுநாள் வந்திருக்கிறார்கள்.

பட்டறை முதலாளிகளான அண்ணன்மார்களும் இதைப் படித்தால், ஒரு டயல் கேஜும் ஒரு டார்க் ரெஞ்சும் பையன்கள் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பூட்டிய அலமாரிக்குள் வேண்டாம். அவசரப்படுத்தாமல் ஓட்டிப் பார்க்க அவர்களுக்கு அந்த அரை மணி நேரத்தைக் கொடுங்கள்.

வாங்க வசதியில்லாத தம்பிகள் என் பட்டறைக்கு வாருங்கள். இரண்டும் இருக்கிறது. காலையில் எடுத்துப் போய்ச் சாயங்காலம் திருப்பிக் கொடுத்தால் போதும், வாடகை வேண்டாம். ஹப் முகத்தில் ஊசி வைக்கத் தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்தால் கற்றுத் தருகிறேன். சுற்றாத உருளையோடு அந்த ஓட்டுநரின் புது ஷாஃப்டைப் பெஞ்சின் மேலேயே வைத்திருக்கிறேன். மூன்று உருளையையும் ஒவ்வொன்றாக விரலால் சுற்றிப் பாருங்கள்.

அன்புடன்,
பொள்ளாச்சியில் பட்டறை வைத்திருக்கும் உங்கள் அண்ணன்